நாலாவது முகூர்த்தம்

மூணு திருகு கழண்டு வந்துடுச்சு, நாலாவதுதான் அடம் பிடிக்குது. வாடா, வா, உன்னையும் எடுத்துட்டா ஆச்சு. சாப்பாட்டு மேஜைமேல சிபியூவைப் படுக்கப்போட்டு, பக்கத்துக் கதவைக் கழட்டிச் சுவர்ல சாத்திட்டு, இடுப்புல சேலையைச் சொருகிக்கிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமா நான் நிக்கிற நிலையை யாராவது பார்த்தா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். வீட்ல யாரும் இல்ல. அவரு முடிவெட்டிக்கப் போயிருக்காரு. ஞாயித்துக்கிழமை, கடையில கூட்டம் இருக்கும், அது முடிஞ்சு உழவர் சந்தைக்குப் போவாரு, வெண்டைக்காயை ஒண்ணொண்ணா நுனி ஒடிச்சுப் பார்ப்பாரு, கீரைக்காரம்மாகிட்ட ஊர்க்கதை பேசுவாரு, வந்துசேர எப்படியும் மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள முடிச்சுடணும். இருந்தார்னா விடவே மாட்டாரு. "அரசி, கை வெக்காத, புதுசு, நான் பார்த்துக்கறேன்"னு ஓடி வருவாரு. மங்கையர்க்கரசின்னு எங்கப்பா வெச்ச பேரை அரசின்னு ஆக்கினது அவருதான், கூப்பிடுறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா இந்த அரசிக்கு சொந்த வீட்ல ஒரு திருகைத் திருப்ப அதிகாரம் கிடையாது. புதுசாம்ல, புதுசு. போன தீபாவளிக்கு வாங்கின கூலர், கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற பிராசசர்மேல உட்கார்ந்து சூட்டை இறக்குற சாமான். பழசு கடகடன்னு சத்தம் போடுதுன்னு கடைகடையா அலைஞ்சு தேடி வாங்கிட்டு வந்து, அவரே மாட்டி, பால்காரர்லேர்ந்து மாடிவீட்டுக்காரர் வரைக்கும் ஒரு வாரம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு, கம்ப்யூட்டருக்கு நானே கூலர் போட்டேன் சார்னு. நானும் பக்கத்துல நின்னு பெருமையா சிரிச்சேன். அப்ப ஐப்பசி, வெளியில மழை. கம்ப்யூட்டரும் ஒண்ணும் சொல்லல.

சித்திரை பொறந்தப்புறம்ல சொல்லுது. மிருதுளா கல்யாணத்துல வந்து நிக்குது. மிருதுளா யாருன்னு கேட்டா எனக்கும் அவளுக்கும் ஒரு உறவும் இல்ல, அவளுக்கு நான் இருக்கிறதே தெரியாது. ஆனா ரெண்டு வாரமா அவ முகத்தோடதான் எந்திரிக்கிறேன், அவ முகத்தோடதான் படுக்கிறேன். ஸ்டுடியோ யாகப்பன் கல்யாணம் எடுத்துட்டு வந்து கொடுப்பான், நான் வெட்டி ஒட்டிப் படமாக்கித் தருவேன். ஆறு வருஷமா இதான் என் வேலை. பயப்படும்போது அந்தப் பொண்ணு கீழுதட்டைக் கடிச்சுக்குவா, கடிச்சுட்டு ஓரமா நிக்கிற அக்காவைத் திரும்பிப் பார்ப்பா, அது எனக்குத் தெரியும், கட்டிக்கிட்டவனுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. எல்லாம் முடிஞ்சாச்சு, பாட்டு போட்டாச்சு, கலர் பார்த்தாச்சு. கடைசியா எல்லாத்தையும் ஒரே படமா சேர்க்கணும், ரெண்டர்னு சொல்லுவோம், அதை ஓடவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடலாம், பச்சைக்கோடு ஒண்ணு மெதுவா நகரும், ஓரத்துல சின்னப் பெட்டியில படம் ஊமையா ஓடிட்டிருக்கும். ஓடுச்சு. மாப்பிள்ளை அழைப்பு ஓடுச்சு, நலங்கு ஓடுச்சு, காசியாத்திரை ஓடுச்சு. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்தான், டப்புனு எல்லாம் இருட்டு. நாலு கேமரா, மேலேருந்து ஒரு டிரோன், போதாக்குறைக்குப் பூமழை வேற போட்டிருக்கேன், இருக்கிறதுலயே கனமான இடம் அது, சூடு தாங்காம அணைஞ்சுடுச்சு. மறுநாள் மறுபடியும் போட்டேன். அதே இடம். வியாழக்கிழமை மூணாவது தடவை. அதே இடம், தாலி கையில, இருட்டு. ஏற்கெனவே கல்யாணம் ஆன பொண்ணுதான், சந்தோஷமா விருந்து சாப்பிட்டுட்டிருப்பா, எல்லாம் தெரியும். இருந்தாலும் மூணு தடவை என் கையில முகூர்த்தம் தப்புதே. சூடமெல்லாம் ஏத்திக் காட்டினேன். மானிட்டருக்கு. வெளியில சொன்னா வெட்கக்கேடு.

யாகப்பன் நேத்து வந்தான். நல்ல பையன், தலையைக் குனிஞ்சுக்கிட்டேதான் சொன்னான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நாளைக்கு ராத்திரி துபாய் கிளம்புறாங்க. சாயங்காலத்துக்குள்ள என் கையில கொடுத்துடுங்க. முடியலன்னா நான் எடுத்த கல்யாண புட்டேஜை எடுத்துட்டுப் போயி கரூர்ல ஒருத்தர்கிட்ட கொடுத்துடுவேன். அவருகிட்ட ஒரு தடவை போயிட்டா, அடுத்தடுத்த வேலையும் அங்கதான்க்கா போகும். நான் என்ன பண்ணட்டும்?" என்ன பண்ணுவான், அவன் பொழப்பு அவனுக்கு. சரிப்பா, காப்பி குடின்னேன். அவன் குடிச்ச டம்ளரைக் கழுவும்போதுதான் உறைச்சது. இந்த வேலை போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? எங்க பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்ப காலியா கிடந்த ரூம்ல சும்மா உட்கார்ந்து கத்துக்கிட்டது. ஊர்ல பாதிப்பேருக்கு நான் தண்டபாணி வீட்டம்மா. யாகப்பன் ஒருத்தன்தான் போன்ல "எடிட்டர் அக்கா"ன்னு போட்டு வெச்சிருக்கான். ஒரு நாள் அவன் போனை மேஜைமேல வெச்சிருந்தப்ப நான் கூப்பிட்டேன், அந்தப் பேரு வந்து மின்னுச்சு, அன்னைக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கே, யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பேரு அழிஞ்சுடக்கூடாது. அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்தத் திருகு. அப்பாடா, வந்துடுச்சு.

இப்ப ஃபேன் வயரைப் பிடுங்கணும், அதுவும் ஆச்சு. கூலரை அப்படியே தூக்கக்கூடாது, லேசா இப்படியும் அப்படியும் திருகிட்டுத் தூக்கணும், அடியில பேஸ்ட் பிடிச்சிருக்கும்னு எல்லா வீடியோவுலயும் சொன்னான். இந்த வீடியோக்காரங்க சண்டை பெரிய சண்டை. தெர்மல் பேஸ்ட்டை நடுவுல பட்டாணி அளவு வைன்னு ஒருத்தன், பட்டாணி வெச்சா போச்சு, பெருக்கல்குறி போடுன்னு ஒருத்தன், அட்டையால தோசை மாதிரி தேய்ச்சு விடுன்னு இன்னொருத்தன். கீழ கமெண்ட்ல அவங்கவங்க ரசிகருங்க அடிச்சுக்கறாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. பிராசசரும் வழுவழுன்னு இருக்கும், கூலர் அடியும் வழுவழுன்னு இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் ரெண்டுலயும் உண்டு, நடுவுல காத்து நிக்கும், காத்து நின்னா சூடு ஏறாது இறங்காது, அந்தக் காத்தை வெளிய தள்ளத்தான் பேஸ்ட்டு. பழசு காய்ஞ்சு போயிருக்கும், துடைச்சுட்டுப் புதுசு வெச்சா பத்து பதினஞ்சு டிகிரி இறங்கும். எனக்கு அது போதும். தாலி ஏற அது போதும். குக்கர் வால்வையே பிரிச்சுப் போட்டவ நீ. திருகு, லேசா, இன்னும் கொஞ்சம், வருது, வந்துடுச்சு. இது என்ன?

இது என்னடா இது. பிராசசர்மேல சாம்பல்கலர்ல பேஸ்ட்டு காய்ஞ்சு பாளம்பாளமா நிக்குது, அது சரி. கூலர் அடியில செம்பு தெரியணும். செம்பு தெரியுது, ஆனா அதுக்குமேல ஏதோ பளபளன்னு. நகத்தால நெருடிப் பார்த்தா ஓரம் தூக்குது. கண்ணாடித்தாள். புதுச்சாமான்மேல ஒட்டியிருக்குமே அந்தக் கண்ணாடித்தாள், நடுவுல சூட்டுல சுருங்கிப் பழுப்பேறிப் போயி, ஆனா நாலு மூலையும் ஒழுங்கா ஒட்டிக்கிட்டு. பேஸ்ட்டைத் துடைச்சா சிவப்பு எழுத்து. மாட்டுறதுக்கு முன்னாடி இந்தத் தாளை எடுத்துடவும்னு இங்கிலீஷ்ல. இவ்வளவு பெருசா. தீபாவளிலேர்ந்து. அட, இத்தனை மாசமா இந்தக் கூலரு பிராசசரைத் தொடவே இல்ல! நடுவுல ஒரு பிளாஸ்டிக்கை வெச்சுக்கிட்டு, அதுக்கு அந்தப் பக்கம் ஃபேனு சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இந்தப் பக்கம் அது வெந்து செத்திருக்கு. நான் மானிட்டருக்குச் சூடம் காட்டியிருக்கேன்.

உட்கார்ந்துட்டேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா? குடிநீர் வாரியத்துல முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவரு. சிவப்பு எழுத்து, கொட்டை எழுத்து. பார்க்காம இருந்திருப்பாரா? வியாழக்கிழமை ராத்திரி மூணாவது தடவை அணைஞ்சப்ப நான் அழுதேன், ரொம்ப இல்ல, மூக்கைச் சிந்துற அளவுக்கு. வந்து பக்கத்துல நின்னாரு. "விட்டுடேன் அரசி. யாரோ கல்யாணத்துக்கு நீ எதுக்கு அழுவுற? கண்ணும் கெட்டுப்போகுது"ன்னாரு. விட்டுடேன். அந்தச் சொல்லு அன்னைக்கே சுருக்குனு குத்துச்சு, இப்ப வேற மாதிரி குத்துது. நான் விடணும்னுதான் இருந்தாரா? சே, என்ன நினைப்பு இது, அந்த மனுஷனைப் போயி. ஆனா நினைப்பு வந்துடுச்சே, வந்ததைத் திருப்பி அனுப்ப முடியுமா. ரூம் கதவைச் சாத்திட்டு நான் உட்கார்ந்திருக்கும்போது அவரு ஹால்ல தனியா டிவி பார்ப்பாரு. சாப்பாடு சில நாள் லேட்டாகும். ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லாதவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா டேபிள் ஃபேன்? டேபிள் ஃபேனை எந்தக் கணக்குல வெக்கிறது? கரண்டு கம்மியான இந்த வெயில்ல, அவரு கட்டில்பக்கத்துல இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து, சிபியூ கதவைத் திறந்து அதுக்கு நேரா வெச்சுட்டு, ராத்திரி பூரா பனியன் நனைய புரண்டு புரண்டு படுத்தாரே. கெடுக்க நினைக்கிறவரு ஃபேனைக் கொடுப்பாரா? கொடுத்துட்டு, அடியில தாளையும் விட்டு வெப்பாரா? தலை சுத்துது. காத்துப் படாத இடத்துல பிளாஸ்டிக்கை விட்டுட்டு வெளியில ஃபேன் வெச்ச மனுஷனை என்னன்னு சொல்றது.

எதிர்ல டிவி ரிமோட் கிடக்குது. அதுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை, வாங்கின நாள்லேர்ந்து. வால்யூம் கூட்டணும்னா கட்டைவிரல் வலிக்க அழுத்தணும். ஃபிரிட்ஜ் கதவுல அந்த நீலத்தாள், ஓரம் உரிஞ்சு அழுக்கு ஏறி நிக்குது, எடுக்கவிட்டாரா? ஸ்கூட்டர் சீட்டுக்கு மேல உறை, வெயில்ல வெச்சு எடுத்தா உட்கார முடியாது. கைக்கடிகாரத்துல ஸ்டிக்கர். சோபாவுல எழுதியே இருந்துச்சு, உறையை எடுத்துடவும், காத்தோட்டம் வேணும்னு. படிச்சுக் காட்டினேன். "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க"ன்னாரு. எனக்கு முதுகுவலி வந்தப்ப நல்ல நாற்காலியா பார்த்து ஒண்ணு வாங்கிக் கொடுத்தாரு, சுத்துற நாற்காலி, அதுலயும் கடை உறையைப் பிரிக்கவிடல. உட்கார்ந்தா முதுகு ஒட்டும், எந்திரிச்சா சர்ர்னு சத்தம். "என்னங்க, வேர்க்குது, பிரிச்சுடலாங்க"ன்னா, "உன் நாற்காலி, உனக்குப் புதுசாவே இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்"னு ரெண்டு வருஷம் போயிடுச்சு. நாலு அண்ணனுக்கு அப்புறம் பொறந்தவரு. சட்டை, செருப்பு, பாடப்புத்தகம், சைக்கிள், எது அவருகிட்ட வந்தாலும் நாலு பேரு தேய்ச்சு முடிச்சுட்டுத்தான் வந்திருக்கு. அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு. எனக்குத்தான் பாவமா இருக்கும். இப்பவும் பாவமா இருக்கு. கோவமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து இருந்தா என்ன, இருக்கட்டும். வரட்டும், கேட்டுடறேன். மணி ஆகுது, எந்திரி.

தாளைப் பிடிச்சு ஒரே இழுப்பு. உள்ள செம்பு. ஐயோ, என்ன அழகு, முகம் பார்க்கலாம், என் மூக்கு தெரியுது. இதைப் பார்த்துட்டு இதுமேல சாம்பல் பேஸ்ட்டைப் பூச அவருக்கு எப்படி மனசு வந்திருக்கும், வந்திருக்காதுதான். மெடிக்கல் ஷாப்ல வாங்கின ஸ்பிரிட்டு, கண்ணாடி துடைக்கிற துணி. பஞ்சு வேண்டாம், நூல் நிக்கும். பிராசசர்மேல இருக்கிற பழசு முதல்ல வர மாட்டேங்குது, ஊறட்டும், இப்ப வருது, வழிச்சு எடு, மறுபடியும் ஒரு தரம், ஓரத்துல தேய்க்காத. சுத்தம். ஸ்பிரிட்டு வாசனை ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துது, பொண்ணு பொறந்த அன்னைக்கு அவரு வராண்டாவுல நின்னது, டவலைப் பிரிக்காம கவரோட கொண்டு வந்து நர்ஸ்கிட்ட திட்டு வாங்கினது. அடக்கடவுளே, அன்னைக்கும்! சிரிச்சா கை ஆடும், சிரிக்காத. பேஸ்ட்டுக் குழாய் ஊசி மருந்து போடுற சிரிஞ்சு மாதிரி இருக்கு, அழுத்து, மெதுவா, நடுவுல, ஒரு பட்டாணி. இன்னும் கொஞ்சம் வெக்கலாமான்னு கை துறுதுறுங்குது, சமையல் கை, எதுலயும் இன்னொரு சிட்டிகை போடும். வேண்டாம். நிறைய வெச்சா அதுவே சூட்டை மறிச்சுக்கும். இப்ப கூலரை நேரா இறக்கணும், வெச்சுட்டு எடுத்துப் பார்க்கக்கூடாது, எடுத்தா காத்துக் குமிழி புகுந்துடும். எடுத்துப் பார்க்கணும்னுதான் தோணும் எனக்கு. எதையும் மூடிவெச்சா திறந்து பார்த்தாகணும். இதை நம்பி விடணும். இறக்கியாச்சு. திருகு எதிரெதிர் மூலையா, கொஞ்சம் இது, கொஞ்சம் அது, ஒரேயடியா இறுக்கக்கூடாது. ஃபேன் வயர். கதவு. மறந்துடாத, வயர், ஆச்சு.

எல்லாத்தையும், அந்தத் தாளோட சேர்த்து, ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி, மானிட்டர் வயரை மாட்டி அமுக்கினேன். ஃபேன் சுத்துது. சத்தமே இல்ல, ஐயோ சத்தமே இல்லையேன்னு ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன், எப்பவும் இரையுமே. சூட்டைக் காட்டுற சின்னக் கட்டத்தைத் திறந்து வெச்சேன். முப்பத்தெட்டு. சும்மா இருக்கும்போதே அறுபதுல நின்ன சனியன். ரெண்டர் ஓடவிட்டு நாற்காலியில உட்கார்ந்தேன், முதுகு வழக்கம்போல ஒட்டுச்சு. அம்பது. அம்பத்தாறு. மாப்பிள்ளை அழைப்பு. அடுப்புல சோறு வெக்கணும், வெக்கலாம், எந்திரிக்க மனசில்ல. அறுபத்து ரெண்டு. நலங்கு, மிருதுளா கன்னத்துல மஞ்சள், அத்தைக்காரி ஒருத்தி தேவையில்லாம சிரிக்கிறா, வெட்டியிருக்கலாம், இருந்துட்டுப் போகட்டும். காசியாத்திரை. அறுபத்தெட்டு. பயப்படாத, போன வாரம் இந்த இடத்துலயே தொண்ணூத்தஞ்சு. ஊஞ்சல். மணவறை. புகை. எழுபது. எழுபத்து ரெண்டு. கீழுதட்டைக் கடிக்கிறா. அக்காவைப் பார்க்கிறா. நானும் கடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். வாசல்ல செருப்புச் சத்தம், அவருதான், "அரசி, வெண்டைக்காய் பிஞ்சா கிடைச்சுது"ன்னு குரல், நான் திரும்பாம கையை நீட்டி நிறுத்தினேன். "பேசாதீங்க. தாலி வருது." பையோட அப்படியே என் பின்னால வந்து நின்னுட்டாரு. வெட்டின முடி வாசனை, பவுடர் வாசனை. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். எழுபத்து மூணு. குனிஞ்சான். பூ விழுது, நான் போட்ட பூ, ஒவ்வொண்ணா விழுது. எழுபத்து மூணு. எழுபத்து மூணு. முதல் முடிச்சு. எழுபத்து ரெண்டு! இறங்குதுங்க! கட்டிட்டான், கட்டிட்டான், நாத்தனார்க்காரி மூணாம் முடிச்சு போட்டுட்டா. ஊமைப்படம்தான், எனக்குக் காதுக்குள்ள கெட்டிமேளம் கேட்குது. கோடு பாட்டுக்குப் பந்திப்பக்கம் போயிட்டிருக்கு. கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். யாகப்பன் எத்தனை மணிக்கு வேணா வரட்டும்.

"எப்படி சரியாச்சு?"ன்னாரு. கேட்கணும்னு எத்தனை யோசிச்சு வெச்சிருந்தேன், எப்படி ஆரம்பிக்கிறது, எந்தக் குரல்ல கேட்கிறதுன்னு. எல்லாம் போச்சு. மேஜைமேலேருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். "இது கூலருக்கு அடியில இருந்துச்சுங்க." வாங்கிப் பார்த்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. முகம் அப்படியே விழுந்துடுச்சு. "ஐயய்யோ, இதை ஏன் அரசி பிரிச்ச? புதுசா இருந்துச்சே!"

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பிச்சுக்கிச்சு. அடக்க முடியல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கி, கண்ணுல தண்ணி வந்து, "புதுசா இருந்துச்சாம், புதுசா இருந்துச்சாம்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். வியாழக்கிழமையிலேர்ந்து குத்திட்டிருந்தது எங்க போச்சுன்னே தெரியல. அவருக்கு ஒண்ணும் புரியல, பையைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறாரு. அப்புறம் சொன்னேன். செம்பு தொட்டாத்தான் சூடு இறங்கும், நடுவுல தாள் இருந்தா இறங்காதுன்னு. அவரு தாளைத் திருப்பிப் பார்த்தாரு, பழுப்பேறின நடுவை விரலால தடவினாரு, சிவப்பு எழுத்தை வாய்க்குள்ளயே படிச்சாரு. "அப்ப மூணு தடவை அணைஞ்சது?" "ம்." "நீ அழுதது?" அதுக்கும் தலையாட்டினேன். "நான் அதுக்கு டேபிள் ஃபேன் வேற வெச்சேன்"னாரு, யாரையோ திட்டுற மாதிரி. வெண்டைக்காய்ப் பையைக் கீழ வெச்சுட்டு சமையக்கட்டுக்குப் போனாரு. தண்ணி குடிக்கத்தான் போறாருன்னு நினைச்சேன். கத்தியோட வர்றாரு.

"எந்திரி." "எதுக்குங்க?" "எந்திரின்னு சொல்றேன்ல." எந்திரிச்சேன், சர்ர்னு சத்தம். நாற்காலியைத் திருப்பி, முட்டி போட்டு உட்கார்ந்து, பின்பக்கத்துல கத்தியை வெச்சாரு. வெச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாரு, கை வரல. அப்புறம் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கீறல். ரெண்டு கையாலயும் பிடிச்சு உரிச்சாரு, ரெண்டு வருஷத்து வேர்வையும் தூசியுமா மஞ்சளாப்போன உறை மொறமொறன்னு கழண்டு தரையில விழுந்துச்சு. ஸ்க்ரீன்ல பந்தி நடக்குது, யாரோ பாயசம் ஊத்துறாங்க. "உட்காரு"ன்னாரு. நான் உட்காராம நாற்காலியையே பார்த்துட்டிருந்தேன். இத்தனை நாளா இது கறுப்புன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். கருநீலம்.